மூன்றாம் கவாத்து

"ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் தேர்வாளர்களின் அறிக்கை பெறப்பட வேண்டும். அவ்வாறு பெறப்படாத நேர்வில், இருமுறை நினைவூட்டியபின், பட்டியலில் அடுத்துள்ள தேர்வாளருக்குப் பதிவாளர் ஆய்வேட்டை அனுப்பலாம்."

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட விதிகளில் இது பதினேழாவது. விதிகளைத் திருத்தி எழுதிய குழுவில் நானும் இருந்தேன். தேநீர் நன்றாக இருந்தது. முந்திரியும் வைத்திருந்தார்கள்.

அந்த விதியை வரிக்கு வரி நம்பிய மனிதர் ஒருவரை மட்டுமே என் வாழ்நாளில் சந்தித்திருக்கிறேன். அவர் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயி. பெயர் சவரிமுத்து.

ஓர் ஆவணி மாதக் காலையில் நான் வணிகவியல் துறைக்குள் நுழைந்தபோது, அறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, சலவை மடிப்பு கலையாத வேட்டி. காலடியில் இரண்டு அட்டைப்பெட்டிகள். பெட்டியின் ஓட்டை வழியாகச் செய்தித்தாளும் பன்னீர் திராட்சையும் கலந்த மணம் தாழ்வாரம் முழுக்கப் பரவியிருந்தது. முதலாமாண்டு மாணவர்கள் நடையைத் தளர்த்தித் தளர்த்திப் போனார்கள்.

"வாங்கண்ணே. என்ன இம்புட்டுத் தூரம்?"

"என்னய்யா இப்பிடிக் கேக்குறீக? நாலு மாசம் ஆயிருச்சுல்ல. பரிச்சை எங்கன நடக்குது?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அறையைத் திறந்து அவரை உட்காரவைத்தேன்.

வெட்டிய நாளும் தின்னும் நாளும்

சவரிமுத்துவின் மகள் ஜெயசீலி, திராட்சைக் கொடியைக் கணக்கில் எப்படி மதிப்பிடுவது என்று என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். பள்ளத்தாக்கின் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகளாகத் தற்காலிக விரிவுரையாளர். அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த சித்திரை மாதத்தில் அப்பாவும் கூட வந்திருந்தார். மேசைமேல் தடிமனான ஐந்து பிரதிகளையும் பார்த்துவிட்டு, "எங்கொடிக்கு வெல போடத்தான் அம்புட்டுப் பக்கமா?" என்றார். பிறகு கேட்டார், "பரிச்சை எப்பங்கய்யா?"

பேராசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நடப்பது என்னவென்று கேட்டால் விதி என்னவென்று சொல்வோம். "நாலு மாசத்துக்குள்ளண்ணே" என்றேன்.

"எங்கொடியும் நாலு மாசந்தான்" என்றார் அவர். மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போய், திராட்சைப் பந்தலின் கிழக்கு ஓரத்தைக் கிளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டார்.

திராட்சைக்கு ஊரெல்லாம் ஒரு பருவம் உண்டு. எங்கள் பள்ளத்தாக்கில் மட்டும் அது கிடையாது. என்றைக்குக் கிளைகளை வெட்டிவிடுகிறோமோ அன்றிலிருந்து நாலு மாதத்தில் பழம். சற்று ஓய்வு கொடுத்து மறுபடி வெட்டினால் மறுபடி பழம். கல்யாணம், கோயில் கொடை, மாதா கோயில் தேர் என்று எதற்குப் பழம் வேண்டுமோ அதற்கு நாலு மாதம் முன்னால் கத்தரியை எடுப்பார்கள். வெட்டிய நாள் தெரிந்தால் தின்னும் நாள் தெரியும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மனிதரிடம் 'நாலு மாசத்துக்குள்' என்று சொன்னால் அவர் வேறென்ன செய்வார்?

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பொதுவெளியில் நடப்பது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். கேள்வி கேட்க ஆள் வராது. ஆனால் அரங்கம் நிறையும். ஏனென்றால், தேர்வுக்கு நிற்பவரின் வீட்டார்தான் வந்தவர்களுக்கெல்லாம் பலகாரம் கொடுப்பார்கள். ஒரு லட்டு, ஒரு கை மிக்சர், ஒரு வாழைப்பழம், சின்னக் காகிதப் பெட்டியில். இப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால்தான் இன்றுவரை பிசகாமல் நடக்கிறது.

மகளின் தேர்வுக்கு லட்டும் மிக்சரும் கூடாது, வருகிற ஒவ்வொருவர் கையிலும் தன் பந்தலின் ஒரு குலை இருக்க வேண்டும் என்பது சவரிமுத்துவின் ஆசை.

தேர்வு அன்று இல்லை, தேர்வாளர் ஒருவரின் அறிக்கை இன்னும் வரவில்லை, அறிக்கை வந்த பிறகும் பதினைந்து நாள் முன்னதாக அறிவிப்பு ஒட்டித்தான் தேர்வு வைக்க முடியும் என்றெல்லாம் அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அந்த நாலு மாசம்?"

"அது விதிண்ணே."

"வெதச்சா மொளைக்கணும்லய்யா" என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் பிரித்து மாணவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கத் தொடங்கினார்.

மழை பற்றா, வரவா?

திராட்சைக்கும் கணக்குப்பதிவியலுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் முதன்முதலில் பாடம் நடத்தியது உத்தமபாளையத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில். மீசை ஒழுங்காக முளைக்காத வயது. வகுப்பறையின் மேற்குச் சன்னல் வழியே மலை தெரியும். சாரல் காலத்தில் முன்வரிசை நோட்டுகள் நனையும். மாணவர்கள் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, கணுக்காலில் சேறு காயாமலே வருவார்கள். அவர்களுக்கு நான் இரட்டைப் பதிவு முறை சொல்லிக்கொடுத்தேன். உள்ளே வருவதைப் பற்று எழுது, வெளியே போவதை வரவு எழுது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். பண்ணைப்புரத்துப் பக்கத்துப் பையன்.

"சார், மழை வந்தா எந்தப் பக்கம் எழுதணும்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மழை பெய்தால்தான் அவன் அடுத்த பருவம் கல்லூரிக்கு வர முடியும்.

"அடுத்த வகுப்பில் சொல்கிறேன்" என்றேன். ஆசிரியத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட முதல் நடைமுறை அதுதான்.

அடுத்த வகுப்பிலும் சொல்லவில்லை. பிறகு போடிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களின் கணக்குகளை வைத்து என் முனைவர் பட்டத்தை முடித்தேன். மலைமேல் எஸ்டேட் கணக்குப்பிள்ளைகள் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் கொடுத்த பால் கலக்காத கட்டன்சாயாவின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து, கட்டுரைகள் எழுதி, பேராசிரியரும் ஆனேன். ஆனால் அந்தப் பையனின் கேள்வி கூடவே வந்தது. கணக்கில் இயந்திரத்துக்கு இடமுண்டு. அது தேயும், ஆண்டுக்காண்டு மதிப்பைக் குறைக்கலாம். கொடியை எங்கே எழுதுவது? நட்ட ஆண்டைவிட ஐந்தாம் ஆண்டில் அதற்கு மதிப்பு அதிகம். கவாத்து செய்த அன்று அது வெறும் குச்சி. நாலு மாதம் கழித்து அதுவே பந்தல் கொள்ளாத பழம்.

வடக்கே ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். கழுத்துப்பட்டை அணிந்த ஒரு பெரியவர், "பந்தல் என்றால் கட்டடமா, செடியா?" என்று கேட்டார். கல்தூண்கள் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடி படர்வது என்றேன். "அப்படியானால் கட்டடம்" என்று முடித்துவிட்டார். மதிய உணவுக்கு நேரமாகியிருந்தது.

அந்த இடத்தில் நான் விட்டதைத்தான் ஜெயசீலி எடுத்துக்கொண்டார். என்னிடம் படித்தவர்களில் சாட்சிக்கு நூல்நிலையத்தைத் தேடாமல் வீட்டுக்குப் போனவர் அவர் ஒருவர்தான். அவருடைய நான்காம் இயலில் ஒரு வரி வரும்: வெட்டிய நாள் தெரியாமல் ஒரு கொடியின் மதிப்பை எந்த நாளிலும் சொல்ல முடியாது. நான் முப்பது ஆண்டு சுற்றியதை ஒரு வரியில் எழுதியிருந்தார். பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அடைப்புக்குறிக்குள் ஒரு பதவி

அறிக்கை அனுப்பாத தேர்வாளர் வேறொரு மாநிலத்தில் இருந்தார். நெறியாளர் என்ற முறையில் நான் பதிவாளருக்குக் கடிதம் எழுதினேன்: தேர்வாளருக்கு நினைவூட்டுங்கள். ஆவணியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. தேர்வாளருக்கு இரண்டு நினைவூட்டல்களும் போயின. பதில் இல்லை. இனி அடுத்த தேர்வாளருக்கு அனுப்பப் பதிவாளர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்தச் சமயத்தில்தான் பதிவாளரின் பதவிக்காலம் முடிந்தது. புதிய பதிவாளரை நியமிக்கத் துணைவேந்தர் வேண்டும். துணைவேந்தர் நாற்காலியும் காலி. மூன்று ஊர்களில் இருக்கிற மூன்று பேர் கொண்ட ஒரு குழு அந்த இடத்திலிருந்து பல்கலைக்கழகத்தை நடத்தியது. மூத்த பேராசிரியர் என்று என்னைக் கூப்பிட்டுப் பொறுப்புப் பதிவாளர் ஆக்கினார்கள். அறை வாசலில் பலகை எழுதினார்கள். பதவிக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், 'பொறுப்பு' என்று. கூடுதல் சம்பளம் இல்லை. கூடுதலாக ஒரு மணி கொடுத்தார்கள், அடித்தால் யாரும் வரமாட்டார்கள்.

முதல் வாரத்தில் பிரிவு அலுவலர் பாக்கியம் ஒரு கோப்போடு வந்தார். ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர். எல்லாப் பதிவாளர்களையும் ஓய்வுக்கு அனுப்பிவைத்த அனுபவசாலி.

"சார், ஒரு நெறியாளர் ரெண்டு தடவ எழுதியிருக்காரு. பதில் போடணும்."

"யாரும்மா அது?"

"நீங்கதான் சார்."

என் கடிதங்கள் என் முன்னால் இருந்தன. அழகான கடிதங்கள். விதி எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டிருந்தேன். பதிவாளரின் காலதாமதத்தை மென்மையாகக் கண்டித்திருந்தேன்.

ஒரு கையெழுத்துத்தான். பேனாவும் திறந்துதான் இருந்தது. ஆனால் இன்னொரு விதி இருக்கிறது: தனக்கு ஈடுபாடு உள்ள எந்தப் பொருளிலும் ஓர் அலுவலர் முடிவெடுக்கக் கூடாது. என் மாணவியின் தேர்வாளரை நானே மாற்றினால், நாளை எவரும் ஒரு கேள்வியில் அந்தப் பட்டத்தைக் கவிழ்த்துவிடலாம். கோப்பில் எழுதினேன்: 'நெறியாளர் நானே ஆதலால் நான் முடிவெடுக்க இயலாது. குழுவின் பார்வைக்கு.'

பாக்கியம் படித்துவிட்டு, "குழு பார்க்கும் சார். பார்த்துக்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

மார்கழி முடிந்து கோப்பு திரும்பி வந்தது. குழு ஒரே வரி எழுதியிருந்தது: 'விதிப்படி பதிவாளர் ஆவன செய்க.'

இரண்டாவது பெட்டி

சவரிமுத்து புரட்டாசியிலேயே மறுபடி கவாத்து செய்திருந்தார். யாரும் சொல்லவில்லை, கொடிக்கு ஓய்வு முடிந்தது, வெட்டினார். தை மாதத்தில் மறுபடி இரண்டு பெட்டிகளோடு வந்தார். இந்த முறை பதிவாளர் அறை.

பெயர்ப்பலகையை நிதானமாகப் படித்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சனங்க சொல்றாக, இப்ப நீங்கதான் எல்லாத்துக்கும் கையெழுத்துன்னு."

"எல்லாத்துக்கும் போடலாம்ணே. இது ஒண்ணுக்கு மட்டும் நான் போடக்கூடாது."

"ஏன்?"

"எங்கிட்டப் படிச்ச புள்ளையில்லையா."

மேசைமேல் இருந்த மணியைப் பார்த்தார். "அப்ப உங்ககிட்டப் படிச்சதுதான் அது செஞ்ச தப்பா?"

தணிக்கைக்காரர்கள்கூட என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவரே பேச்சை மாற்றினார். "பொட்டிப்புரம் மலையக் குடைஞ்சு உள்ளுக்க ஒரு ஆராய்ச்சிக்கூடம் கட்டப் போறாகன்னு ரொம்ப நாளாப் பேசுனாக. அங்கன உள்ள போனா வெளிச்சத்தம் ஒண்ணும் கேக்காதாம். நான் நெனச்சுக்கிட்டேன், உங்க யுனிவர்சிட்டி ஏற்கெனவே அப்பிடித்தான இருக்குன்னு."

வெளியே பாக்கியம் சிரிப்பது கேட்டது. அன்று நிர்வாகக் கட்டடத்தில் எல்லா மேசையிலும் திராட்சை இருந்தது. நிதி அலுவலர் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. 'எந்தத் தலைப்பில் பெறுவது' என்று கேட்டாராம்.

சாயங்காலம் ஜெயசீலி தொலைபேசியில் வந்தார்.

"சார், அப்பா வந்தாகளா? போகாதீகன்னு சொன்னேன் சார். கேக்கல."

"அவர் கேட்டதில் தவறில்லை ஜெயசீலி. நான் கையெழுத்துப் போட்டால்..."

"நீங்க போட்டா நான் வாங்க மாட்டேன் சார்." குரல் உயரவில்லை. "நாளைக்கு டிபார்ட்மெண்ட்ல பின்னாடி பேசுவாக. 'அது அவுக சார் போட்ட பட்டம்'னு. அதுக்கு இப்பிடியே இருக்கலாம்."

இப்படியே இருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவருடைய கல்லூரியில் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. ஆனி மாதக் கடைசியில் அதற்கு நேர்காணல். அன்று முனைவர் பட்டம் கையில் இருந்தால் அந்த இடத்துக்குப் போட்டியிடலாம். இல்லாவிட்டால் வேறொருவர் அங்கே வந்து உட்காருவார். தற்காலிக விரிவுரையாளர் தேவைப்படமாட்டார். அத்தனை ஆண்டு வகுப்பெடுத்த அறைக்கு வெளியே அவர் நிற்க வேண்டியதுதான்.

தற்செயல் விடுப்பு

விதிகளை மதிப்பவன் விதிகளாலேயே மாட்டிக்கொள்வான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் விதிப் புத்தகத்தைப் பாதியோடு மூடுகிறவர்கள். நான் கடைசிப் பக்கம் வரை படித்தவன். விடுப்பு விதிகள் கடைசியில்தான் இருக்கின்றன.

பதிவாளர் விடுப்பில் இருக்கும் நாளில் நிதி அலுவலர் அந்தப் பொறுப்பை முழு அதிகாரத்தோடு வகிப்பார். முழு அதிகாரம் என்றால் முழு அதிகாரம். 'பதிவாளர் அனுப்பலாம்' என்பதில் உள்ள பதிவாளர், அன்று ஒரு நாள், அவர்தான்.

நிதி அலுவலரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அது சிபாரிசு. துடைப்பம் வாங்கும் கோப்பிலேயே மூன்று கேள்வி எழுதுபவர் அவர். கையெழுத்துப் போட்டால் அது அவருடைய சொந்த முடிவாக இருக்கும்; போடாமல் விட்டால் அதுவும் அப்படியே. ஒரு வெள்ளைத்தாளில் தற்செயல் விடுப்பு எழுதினேன். காரணம்: சொந்த வேலை.

பாக்கியம் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். "என்னிக்கு சார்?"

"புதன்கிழமை."

"அன்னிக்கு நெலுவையில இருக்குற கோப்பெல்லாம் வைக்கட்டுமா சார்?"

"என்னைக் கேட்காதீங்கம்மா. நான் லீவில் இருப்பேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போனார்.

மாசி மாதப் புதன்கிழமை. அலுவலகக் கார் வேண்டாமென்று பேருந்தில் ஏறினேன். தேனியில் இறங்கி, கம்பம் வண்டிக்கு மாறினேன். சின்னமனூர் தாண்டியதும் காற்றின் ஈரம் மாறியது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மலையிலிருந்து லோயர் கேம்பில் இறங்கி வருகிற தண்ணீரின் குளிர் அந்தக் காற்றில் இருக்கும். வகுப்பறைச் சன்னலிலும் அதே குளிர்தான் வரும். பேருந்து பழைய கல்லூரி வாசலில் நின்றபோது, இறங்கி வகுப்புக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எந்தக் கோப்பும் இல்லாத காலம் அது.

தோட்டத்தில் சவரிமுத்து கத்தரியோடு நின்றார். கிழக்கு ஓரத்து இலைகளெல்லாம் உதிர்க்கப்பட்டு, கொடிகள் வெட்டுக்குத் தயாராக இருந்தன.

"அண்ணே, இன்னிக்கு வெட்டாதீக. நான் லீவு போட்டிருக்கேன், அவ்வளவுதான். அங்க கையெழுத்து விழுமான்னு எனக்கே தெரியாது. விழுந்தாலும் அடுத்த ஆளு எப்ப எழுதுவாருன்னு தெரியாது."

"நீங்க வேலைய விட்டுட்டு இங்கன வந்து நிக்கிறீக. நான் கத்தரிய வச்சுட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் மனைவி பானையில் மோர் கொண்டுவந்தார். "நல்லாச் சொல்லுங்கய்யா இவுகளுக்கு. ரெண்டு தடவ ஊரானுக்கெல்லாம் வாரிக் குடுத்தாச்சு. மூணாவதும் பரிச்சை வரலன்னா மாதா கோயில் வாசல்ல உக்காந்து போறவர்றவுகளுக்கு நீட்டுவாக."

"நீட்டுனா என்ன? புண்ணியந்தான?"

"புண்ணியத்த யாவாரிகிட்டச் சொல்லுங்க. அவன் நம்ம வீட்டுப் பக்கம் வர்றதையே விட்டுட்டான்."

சவரிமுத்து வெட்டத் தொடங்கினார். வெட்டிய நுனிகளில் நீர் துளிர்த்துச் சொட்டியது. நிறமில்லாத, மணமில்லாத நீர். என் சட்டைத் தோளில் விழுந்துகொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் கிழக்கு ஓரம் முழுக்க வெறும் கம்பியும் குச்சியும். அன்றைய தேதியில் ஒரு தணிக்கையாளர் வந்திருந்தால் அதற்குப் பூஜ்யம் என்று எழுதியிருப்பார்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கோப்பு என் மேசையில் இல்லை.

"நேத்து எப்படி இருந்தது?" என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"நிதி அலுவலர் உங்க நாற்காலியில உக்காரல சார். பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்தாரு. ஒரு விதிய ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம் காபி கேட்டாரு."

"அப்புறம்?"

"நீங்க லீவுல இருந்தீங்க சார்."

கைப்பேசியில் வளர்ந்த கொடி

பல்கலைக்கழகத்தில் ஒரு கோப்பு நகர்வதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. கொடி நகர்வதை நான் வாரா வாரம் பார்த்தேன். சவரிமுத்து படம் அனுப்புவார். எழுத்து ஒன்றும் இருக்காது, படம் மட்டும். பங்குனியில் தளிர், பிறகு கண்ணுக்குத் தெரியாத பூ. சித்திரையில் மிளகளவு காய். வைகாசியில் கோலிக்குண்டு, பச்சை. கூட்டங்களின் நடுவே மேசைக்கு அடியில் கைப்பேசியைத் திறந்து பார்ப்பேன். ஏதோ வீட்டில் பிரசவம் என்று பக்கத்திலிருந்த கல்லூரி முதல்வர் ஒருவர் நினைத்துக்கொண்டார்.

இன்றும் தேனிச் சந்தையில் திராட்சை வாங்கும்போது எந்த மாதம் வெட்டியது என்று கேட்கிறேன். கடைக்காரர் அறுத்த நாளைச் சொல்வார். நான் கேட்பது கவாத்து செய்த நாளை. எனக்குப் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

வைகாசி பாதி கழிந்ததும் காய்களில் நிறம் ஏறியது. ஒரு குலையில் இரண்டு கறுப்பு, நாலு சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. ஒரு வாரத்தில் முழுக்கக் கறுத்துவிட்டது. அறிக்கை பற்றி ஒரு தகவலும் இல்லை. வந்ததா என்று நான் கேட்கவும் முடியாது. கேட்டால் அது ஈடுபாடு. பாக்கியம் என் அறைக்கு வரும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பேன். விதிகள் முகத்தைப் பார்ப்பதைத் தடை செய்யவில்லை. அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்காது.

ஆனி நெருங்கியது. மேற்கே சாரல் தொடங்கியது. பழுத்த திராட்சைக்கு மழை ஆகாது, தோல் வெடித்துவிடும். வியாபாரி மறுபடி வரத் தொடங்கியிருந்தார். இன்றே அறுங்கள், நாளை உறுதியில்லை என்று வாசலில் நின்றார். "மத்த மூணு பக்கமும் அறுத்துக்க. கெழக்கு ஓரத்துல கைய வைக்காத" என்று சவரிமுத்து சொல்லியனுப்பிவிட்டார். கிழக்கு ஓரத்தின்மேல் உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கூரையாகக் கட்டியிருந்தார். அந்தப் படமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலி பேசினார். வழக்கமான நலம் விசாரிப்பு. வைக்கும்போது சொன்னார்: "ஸ்டாஃப் ரூமுல எம் புத்தகத்தையெல்லாம் கட்டி வச்சிட்டேன் சார். கடைசி நேரத்துல எல்லார் முன்னாடியும் கட்டிக்கிட்டு இருக்க வேணாம்னு."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நினைவில் வைக்கத் தகுந்ததாகவும் இருந்திருக்காது.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன், பாக்கியம் கதவருகே வந்து நின்றார். கையில் கோப்பு எதுவும் இல்லை. அவர் கோப்பில்லாமல் அந்த வாசலில் நின்று நான் பார்த்ததில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். ஆபீஸ் விஷயம் இல்ல."

"கேளுங்கம்மா."

"அந்தத் தோட்டத்துக்காரவுகள... பழம் இன்னும் பதினஞ்சு நாள் கொடியில நிக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா சார்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய நாளிலிருந்து தேர்வு நடக்கும் நாள் வரை உள்ள இடைவெளி. அறிக்கை சாதகமாக இருந்தால் மட்டுமே ஒட்டப்படும் தாள்.

கைப்பேசியை எடுத்தேன். மறுமுனையில் சாக்குக் கூரையின்மேல் தூறல் விழும் சத்தம் முதலில் கேட்டது.

"அண்ணே, பழம் இன்னும் ஒரு பதினஞ்சு நாள் நிக்குமா?"

அவர் போனை வாயிலிருந்து விலக்கி, "ஆத்தா சீலி! ஏ ஆத்தா! இங்கன ஓடியா!" என்று தோட்டமே அதிரக் கூப்பிட்டார். அதன்பிறகு மறுபடி போனுக்கு வந்தார்.

"நிக்கும்யா. நிக்காட்டி நான் போயித் தாங்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அறிக்கைமேல் அலுவலக முத்திரையில் அந்தத் தேதி ஆங்கில எண்களில் விழுந்திருக்கும். நான் பார்த்தது பாக்கியம் பார்த்துக்கொண்டிருந்த நாட்காட்டியைத்தான். ஆனி மூன்று, செவ்வாய்க்கிழமை.